வலைவீசிப் பிடிப்பதா, வாசலுக்கு வந்து கேட்பதா?

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கிவிட்டு, வெற்றி பெற்ற களைப்போடு தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணித் தம்பி அவர்களே! எங்கள் அணித் தலைவி அம்மா அவர்களே! கடைசி வரிசை வரைக்கும் நிறைந்திருக்கிற மதுரைப் பெருமக்களே! தொலைக்காட்சி முன்னால் அடுப்பையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே!

மென்பொருள் விற்கிறவனுக்கு வாடிக்கையாளரைத் தேடித் தருவது தானியங்கி இயந்திரமா, காலால் நடக்கிற மனிதனா? இதுதான் தலைப்பு. தம்பி என்ன சொன்னார்? ‘ஐயா, பொத்தானை ஒரு தட்டுத் தட்டினா பத்தாயிரம் பேருக்குக் கடிதம் போகுது. நான் ஆரப்பாளையத்துல தூங்கிக்கிட்டிருப்பேன், என் கடிதம் அமெரிக்காவுல போய்க் கதவைத் தட்டும்’ என்றார். நீங்க கைதட்டுனீங்க. நானும் தட்டுனேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான். தட்டுச்சு, சரி. திறந்தாங்களா? (சிரிப்பு)

இந்த இயந்திரம் என்ன செய்யுதுன்னு வீட்டில இருக்கிற அம்மாக்களுக்குச் சொல்லிடறேன். முதல்ல ஊர் உலகத்துல இருக்கிற இணையதளங்களை எல்லாம் மேய்ஞ்சு, எந்த நிறுவனத்துல யாரு மேலாளர்னு பெயரைப் பொறுக்கும். மின்னஞ்சல் முகவரி தெரியலையா? கவலையே இல்லை. பெயர், ஒரு புள்ளி, அப்பா பெயர், பின்னால நிறுவனத்தின் பெயர். இப்படி ஊகிச்சுப் போட்டுப் பார்க்கும். உயிரோட இருக்கிற முகவரி எதுன்னு சோதிச்சுக்கும். அப்புறம் ‘அன்புள்ள’ன்னு போட்டு ஒரு கோடிட்ட இடம், அதுல உங்க பெயர். மூணு நாள்ல பதில் இல்லையா, அடுத்த கடிதம். ஒரு வாரம் கழிச்சு, ‘என் முந்தைய கடிதங்களைப் பார்த்தீர்களா?’ன்னு இன்னொண்ணு. கடன் குடுத்தவன்கூட இவ்வளவு விடாம கேக்க மாட்டான்யா!

அதோட விட்டாலும் பரவாயில்லை. கடிதத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத புள்ளி ஒண்ணை, ஒரு குட்டிப் படத்தை, ஒளிச்சு வைக்கிறாங்க. நீங்க கடிதத்தைத் திறந்த உடனே அது அனுப்புனவனுக்குச் சேதி சொல்லிடும். வள்ளுவர் ‘ஒற்றாடல்’னு ஓர் அதிகாரமே வச்சார். அது அரசனுக்கு வச்சது, சரக்கு விக்கிறவனுக்கு இல்லை. சரி, ஒற்றனாவது உண்மை சொல்றானா? 2021இல் ஆப்பிள் நிறுவனம் ஒரு ஏற்பாடு செஞ்சுது. அதை ஏத்துக்கிட்டவங்களுக்கு வர்ற கடிதத்துல இருக்கிற படத்தை எல்லாம் அவங்க திறக்குறதுக்கு முந்தியே அந்தச் செயலியே எடுத்து வச்சிடும். இங்கே இவன், ‘ஆகா, ஆயிரம் பேர் படிச்சுட்டாங்க’ன்னு மிட்டாய் குடுத்துக்கிட்டிருப்பான். எழுதுனதும் இயந்திரம், திறந்ததும் இயந்திரம். நடுவுல மனுசன் எங்கய்யா? (கைதட்டல்)

எனக்கே ஒரு கடிதம் வந்துச்சு. யார் அனுப்புனதுன்னு பெயர் வேண்டாம். என் பெயருக்கு முன்னால ‘டாக்டர்’னு இருக்குல்ல, அதையே என் பெயர்னு எடுத்துக்கிட்டு, ‘ஹலோ டாக்டர், உங்கள் உற்பத்தியை இரட்டிப்பாக்கலாமா?’ன்னு கேட்டுது. என் உற்பத்தி என்னங்க? வருசத்துக்கு முப்பது எம்.ஏ. மாணவர்கள். இரட்டிப்பாக்குனா உட்கார வைக்க பெஞ்சு கிடையாது.

தம்பி சரித்திரத்தைத் தொட்டார். நானும் தொடறேன். இப்படி மொத்தமாகக் கடிதம் போட்ட முதல் ஆள்னு எல்லாரும் சொல்றது காரி துர்க் என்கிற அமெரிக்கரை. 1978 மே மாதம். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்கிற கணினி நிறுவனத்துக்காரர். அப்போ இணையம் கிடையாது, அதுக்குத் தாத்தாவான அர்ப்பாநெட். தங்களோட புதுக் கணினியை கலிபோர்னியாவுல காட்டப்போறோம், வாங்கன்னு அந்தப் பக்கத்துல இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே கடிதம். முகவரிகள் மேல எழுதுற இடத்துல கொள்ளாம வழிஞ்சு, கடிதத்துக்குள்ளயே வந்து கொட்டுச்சாம்! அந்த வலைப்பின்னலை நடத்துனவங்க கடுமையாகக் கண்டிச்சாங்க. ஆனா ஒண்ணே கால் கோடி டாலருக்கு மேல வியாபாரம் ஆச்சுன்னு பின்னாளில் அவரே சொன்னார்.

தம்பி இதைச் சொல்லிட்டு, ‘பார்த்தீங்களா, பலிச்சுது!’ன்னார். பலிச்சுது. ஏன் பலிச்சுது? அந்த 400 பேரும் கணினியோடயே வாழ்ந்தவங்க. அச்சடிச்ச முகவரிப் புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு, மேற்குக் கரையில யார் யார்னு பார்த்து, ஒவ்வொண்ணாத் தட்டச்சு பண்ணுன பட்டியல் அது. வரக்கூடியவனுக்குத்தான் பத்திரிகை வச்சார். உங்க பத்தாயிரத்துல அப்படித் தேறுறது எத்தனைன்னு தம்பி சொல்லவே இல்லையே!

பத்திரிகைன்னதும் ஒண்ணு நினைப்பு வருது. நம்ம பக்கத்துல கல்யாணப் பத்திரிகையை எப்படி வைப்போம்? தாம்பாளத்துல வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், புருசனும் பொண்டாட்டியுமா வீட்டுக்கு வந்து, ‘முன்னாடியே வந்திரணும் மாமா’ன்னு சொல்லி வைக்கணும். தபால்ல போட்டா? ‘தபால்ல அனுப்பிட்டான்யா எனக்கு!’ன்னு பத்து வருசம் பேச்சுவார்த்தை இருக்காது. இப்போ செல்போன்ல அனுப்புறாங்க. வருத்தப்படக்கூட நேரமில்லாம அதை அழிச்சிட்டுப் போறோம். தாம்பாளத்துல ஒண்ணுமில்லைங்க. நேர்ல போறதுக்குச் செலவாகுது, அலைச்சலாகுது. அதனால யாருக்கு வைக்கணும்னு யோசிச்சு வைக்கிறோம். வாங்குறவனுக்கும் அது தெரியுது. மின்னஞ்சலுக்குச் செலவு ஏறக்குறைய ஒண்ணுமில்லை. செலவில்லாததால யோசனையும் இல்லை. அவன் யோசிக்கலைன்னு படிக்கிறவனுக்குத் தெரிஞ்சுபோகுது.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வாசல்ல நின்னு கூப்பிடறாங்களே, ‘வாங்கக்கா, வாங்கண்ணே’ன்னு. அவங்ககூடச் சும்மா கூப்பிடறதில்லை. ஆறேழு பேர் கும்பலா, நடுவுல ஒரு பொண்ணு வெட்கப்பட்டுக்கிட்டு வந்தா, ‘பட்டு பாருங்கக்கா’. தனியா நான் போனா, ‘வேட்டி இருக்கு சார்’. ஒரு நொடியில கணக்குப் போட்டுடறான்!

இப்போ உசிலம்பட்டிப் பக்கம் ஒரு விசேசத்துக்குப் போய்ப் பாருங்க. மொய் எழுத நோட்டுக்குப் பதிலா கணினி வந்திருச்சு. ஒருத்தர் பெயரும் ஊரும் கேட்டுத் தட்டுவார், பக்கத்துல பணத்தை எண்ணி வாங்குவாங்க. உடனே ரசீது: உங்க பெயர், ஊர், தொகை. விசேசம் முடிஞ்சா ஊர் வாரியாப் பிரிச்சு, கூட்டுத்தொகை போட்டு, புத்தகமாகவே குடுத்துடறாங்க. இதுவும் மென்பொருள்தானே! இதுக்கு வாடிக்கையாளரை எந்த இயந்திரம் தேடுச்சு? மொய் வைக்க வரிசையில நிக்கிறானே, அவன் வீட்டுலயும் அடுத்த ஆவணியில காதுகுத்து இருக்கு. ரசீதைக் கையில வாங்கும்போதே, ‘தம்பி, நம்மளுக்கும் வரணும், என்ன வாங்குவீங்க?’ன்னு கேட்டுட்டுத்தான் சாப்பிடப் போறான். சரக்கு வேலை செய்யுறதை அவன் கண்ணால பார்த்துட்டான். விளம்பரம் தனியா எதுக்கு? (பலத்த கைதட்டல்)

இனி கொஞ்சம் வருத்தமான சேதி. என்னிடம் தமிழ் படிச்ச பையன் ஒருத்தன், கணினி படிச்ச மூணு கூட்டாளிகளோட சேர்ந்து இதே மதுரையில ஒரு சின்ன நிறுவனம் தொடங்கினான். பூக் கமிஷன் கடைக்கான கணக்கு மென்பொருள். அவன் அப்பாவுக்குச் சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். அம்மா நகையை வச்சுத்தான் முதல் வருசச் சம்பளம். ஏழெட்டுக் கடைதான் சேர்ந்துச்சு. யாரோ சொன்னாங்கன்னு மாதச் சந்தாவில கடிதம் அனுப்புற இயந்திரம் ஒண்ணை வாங்கினான். இந்தியா முழுக்க இருக்கிற வியாபாரிகள் பட்டியல்னு எதையோ காசு குடுத்து வாங்கி, ராத்திரியும் பகலுமா அனுப்பினான்.

என்ன ஆச்சு? கூகுள் 2024 பிப்ரவரியில இருந்து விதியை இறுக்கிடுச்சு. ஒரு நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல அனுப்புறவன், ‘இனி வேண்டாம்’னு ஒரே தட்டுல விலக வழி வைக்கணும். அனுப்புறவன் சின்னவனோ பெரியவனோ, ஆயிரத்துக்கு மூணு பேர் ‘இது குப்பை’ன்னு குத்தஞ்சொன்னாலே ஆபத்து. அந்தக் கெட்ட பெயர் அந்தக் கடிதத்தோட போகாது. அனுப்புன நிறுவனத்தின் முகவரி மேலயே ஒட்டிக்கும். பையனோட பழைய வாடிக்கையாளர்களுக்குப் போக வேண்டிய பில்லு, கடவுச்சொல், சந்தா நினைவூட்டல் எல்லாம் குப்பைத் தொட்டிக்குள்ள போயிடுச்சு. ‘கணக்கே வரலையேப்பா, கடையை மூடிட்டியா?’ன்னு கேட்டு ரெண்டு கடைக்காரர் விலகிட்டாங்க. புதுசா வந்தது ஒருத்தருமில்லை. இருந்ததும் போச்சு. அந்த மாசம் நாலு பேர்ல ரெண்டு பேருக்குச் சம்பளம் இல்லை.

அப்புறந்தான் அவன் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு விடியக்காலையில போய் உட்கார ஆரம்பிச்சான். உட்கார்ந்த பிறகுதான் தெரியுது: மல்லிகைக்குக் காலையில ஒரு விலை, வெயில் ஏறுனா ஒரு விலை. முகூர்த்த நாள்னா கேட்கவே வேண்டாம். விவசாயிக்குக் கமிஷன்காரர் முன்பணம் குடுத்திருப்பார். அதைப் பூப் போட வரும்போதெல்லாம் கொஞ்சங்கொஞ்சமாக் கழிக்கணும். பண்டிகை வாரத்துல கழிக்கக் கூடாது, அது ஒரு மரியாதை. இவனோட மென்பொருள்ல அந்த மரியாதைக்கு இடமே இல்லை! கழிக்கிற தொகையை அந்த வாரம் நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் வச்சான். அந்த ஒரு பொத்தானுக்காகவே கடைகள் வந்தாங்க. இயந்திரம் நீங்க எழுதி வச்சதைத்தான்யா படிக்கும். கமிஷன்காரர் இதை எந்த இணையதளத்துல எழுதி வச்சிருக்கார்? அவருக்கு இணையதளமே கிடையாதே. அவரோட சிட்டை சட்டைப்பையில இருக்கு, கணக்கு வாய்க்குள்ள இருக்கு.

உடனே எதிரணி எழுந்திரிப்பாங்க. ‘அப்போ திருச்சிக்காரர் கிரிஷ் மாத்ருபூதம்? 2010இல் சென்னையில ஆரம்பிச்ச நிறுவனம், 2021 செப்டம்பர்ல அமெரிக்கப் பங்குச்சந்தை நாஸ்டாக்குக்குப் போயிடுச்சே. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில இருந்து ஸோஹோ உலகத்துக்கே விக்குதே. எந்த வாசல்ல போய் நின்னாங்க?’ நியாயமான கேள்வி. கிரிஷோட முதல் வாடிக்கையாளர், 2011இல், ஆஸ்திரேலியாவுல ஒரு பள்ளி. அட்வெல் காலேஜ். இணையம் இல்லாம அது நடக்காது. ஒத்துக்கறேன், இந்த மதிப்பெண்ணை அவங்களுக்கே போடுங்க. ஆனா நாலு பேர் தேடி வர்ற இடத்துல கடையைத் திறந்து, பலகை மாட்டி, விலையை எழுதி வச்சுட்டு, வந்தவனை உட்கார வச்சுப் பேசறது ஒரு தொழில். தெருவுல போறவன் சட்டையை எல்லாம் பிடிச்சு இழுக்கறது வேற தொழில். எங்க அணி இணையத்துக்கு எதிரி இல்லைங்க, சட்டையைப் பிடிக்கிறதுக்குத்தான் எதிரி.

கடைசியா, தம்பி என்னைச் சீண்டுறதுக்குன்னே ஒண்ணு சொன்னார். ‘கோவலன்கூட இதே மதுரைக்கு நடந்துதான் வந்தான், சிலம்பு விக்க. என்ன ஆச்சு?’ன்னார். தமிழ் வாத்தியார்கிட்டயே சிலப்பதிகாரமா! கோவலன் நடந்து வந்ததால கெடலை தம்பி. அந்நியமான ஊர்ல, முன்பின் தெரியாத ஆள்கிட்ட, ‘இதுக்கு விலை சொல்ல முடியுமா?’ன்னு சரக்கை நீட்டுனான். ‘இவர் இன்னாருடைய பிள்ளை’ன்னு சொல்ல அந்த வீதியில ஒரு நாக்கு இல்லை. எதிர்ல வந்த பொற்கொல்லன் யாருன்னும் இவனுக்குத் தெரியாது. உங்க இயந்திரம் செய்யுறது அதையேதான்! அவன் பாவம் ஒரே ஒரு ஆள்கிட்டச் செஞ்சான். நீங்க பத்தாயிரம் பேர்கிட்டச் செய்யுறீங்க. (நீண்ட கைதட்டல்)

அந்தப் பையனைப் போன மாசம் பார்த்தேன். மாட்டுத்தாவணிக் கடைக்காரர் ஒருத்தர், நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்ல இருக்கிற தன் சம்பந்திக்குத் தானே போன் போட்டு, ‘மாப்ள, இந்தப் பயல் நம்ம பயல். ஒரு வாரம் கடையில உட்கார விடுங்க’ன்னு சொல்லியிருக்கார். அவன் என்கிட்டப் பேசிக்கிட்டே பஸ்ஸுக்கு மணி பார்த்தான். நிலக்கோட்டைக்கு அடுத்த வண்டி எப்போன்னுதான் அவன் கவலை.

நடுவர் மணியில கை வச்சுட்டார்.