சாலமாண்டரும் சிறு குளமும்

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்குச் சில சொற்கள் எளிதில் பிடிகொடுப்பதில்லை. 'சாலமாண்டர்' அவற்றுள் ஒன்று. பல்லி, ஓணான், உடும்பு என்று பெயர்கள் மலிந்த நம் மொழியில், இவ்வுயிருக்கு மரபாக வழங்கும் பெயர் இல்லை. காரணம் எளியதே, தென்னாட்டில் இது வாழவில்லை. தவளையினங்களும், காலின்றி மண்ணுக்குள் உறையும் சிசிலியன்களும் மேற்கு மலைத்தொடரில் நிறைய உண்டு. இவற்றின் உறவாகிய, வாலும் நான்கு காலும் உடைய சாலமாண்டரைக் காண இமயச் சாரலுக்கோ வடகிழக்கு மலைகளுக்கோ செல்ல வேண்டும்.

டார்ஜிலிங் மலைகளில் வாழ்வது ஒரு சாணுக்கும் குறைவான நீளமுடையது, கரும்பழுப்பு நிறம், முதுகின் இருமருங்கும் வரிசையாகப் புடைப்புகள். பார்வைக்குப் பல்லிதான். ஆயினும் தோலில் செதிலில்லை, முட்டைக்கு ஓடில்லை. ஆகவே ஈரத்தை விட்டு நெடுந்தொலைவு செல்ல இயலாது. மழைக்காலத்தில் குளத்தை நாடி முட்டையிடும். குஞ்சுகள் செவுள்களால் மூச்சுவிட்டு வளரும். குளிர் வந்ததும் பெரியவை கல்லுக்கடியில் உறங்கிவிடும். நெருப்பில் வாழுமென்று பழைய ஐரோப்பியர் நம்பியதும் சாலமாண்டரைத்தான்! விறகுக்குள் உறங்கியது சூடு தாளாமல் வெளியே ஓடியிருக்கும், அவ்வளவே.

1871-இல் ஆண்டர்சன் விவரித்த யுன்னான் நாட்டு இனமே இதுவும் என்று நெடுங்காலம் கருதினர். 2015-இல் கிழக்கு நேபாளத்து இலாம் பகுதியிலிருந்து இமயச் சாலமாண்டர் தனி இனமென விவரிக்கப்பெற்றது. டார்ஜிலிங்கில் உள்ளதும் அதுவே. இதன் பொருட்டு 1985-இல் ஜோர்ப்போக்ரியில் அமைந்த சரணாலயத்தின் பரப்பு நான்கு எக்டேர்தான். 'போக்ரி' என்றால் குளம். குளம் தூர்ந்தாலும், அதில் மீன் வளர்க்க முற்பட்டாலும், இவ்வுயிருக்கு வேறு புகலிடமில்லை.

பெங்களூர் வாழ் அன்பர்களே, இது எங்கோ நடப்பதன்று. 2020-இல் இந்நகரின் விளிம்பில், ராஜானுகுண்டே அருகே, மண்ணைத் தோண்டி வாழும் தவளையொன்று அறிவியலுக்குப் புதியதெனக் கண்டு, அதற்கு ஊரின் பெயரையே சூட்டினர். அதற்கும் வேண்டுவது மழைநீர் தேங்கும் பள்ளமே. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்பது தருமாம்புதி ஏரியில்; கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியில். ஊரிலிருந்து வந்திறங்கும் நம்மவர் பலர் முதலில் கால்வைக்கும் நிலமே ஏரிப்படுகை! நகர்ப்புறத்தே மனை வாங்கச் செல்வோர், தரகர் காட்டும் இடத்தை வெயிலில் மட்டும் பார்த்துத் திரும்பாமல், மழை இரவொன்றில் மீண்டும் சென்று நின்று கேட்பது நலம். அங்கே தவளைக் குரல் ஓங்கி ஒலித்தால், தண்ணீர் தேடிவரும் இடம் அதுவே. பின்னர் வீட்டுக்குள்ளும் வரும்.