துப்பாக்கியை இறக்கி வைத்த பிறகு

எம்.கே.பி. நகர், வியாசர்பாடிப் பக்கம் சாயங்காலமானால் அத்தோ கடைகளில் கூட்டம் அலைமோதும். நூடுல்ஸோடு முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பர்மாவில் 1960களில் கடைகண்ணிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, கப்பலேறி வந்த குடும்பங்கள் நமக்குத் தந்த ருசி அது. 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் நுழைந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அந்தத் தலைமுறையில் உண்டு. அதே யுத்த காலத்தில் மலேயாவிலும் பர்மாவிலும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களும் ஏராளம். தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களும், வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர்களும்கூட அதில் துப்பாக்கி ஏந்தினார்கள்.

அவர்களுடைய கதையைத் தமிழில் நாவலாக எழுதியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர். இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மெடான் நகருக்குப் பிழைக்கப் போனவர். யுத்த காலத்தை அங்கேயே கழித்து, ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல்கள்.

முதலில் 'கடலுக்கு அப்பால்' படியுங்கள். பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் முதலாளியிடம் வேலை பார்த்த செல்லையா, இந்திய தேசிய ராணுவத்தில் சேருகிறான். யுத்தம் முடிந்து திரும்பி வருகிறான். முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். ஆனால், பட்டாளத்துக்குப் போய்வந்தவன் இனி வட்டித்தொழிலுக்கு ஆகமாட்டான் என்பது முதலாளியின் கணக்கு. அவர் கெட்டவரும் இல்லை. பெண்ணைப் பெற்றவர், தொழில் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்த நியாயத்தைச் சொல்கிறார். அதனால்தான் அந்த வலி நமக்குள் இறங்குகிறது. நாட்டுக்காகப் போனவனுக்கு வீட்டில் இடமில்லை. போர்க்களத்தைப் பக்கம் பக்கமாக வர்ணித்தாலும் ஒரு சிப்பாயின் இழப்பை இவ்வளவு கூர்மையாகச் சொல்லிவிட முடியாது.

ஜெர்மானிய எழுத்தாளர் ரெமார்க் 1929இல் வெளியிட்ட உலகப் புகழ்பெற்ற முதல் உலகப்போர் நாவலிலும் இதற்கு உறவான ஓர் இடம் உண்டு. விடுப்பில் வீட்டுக்கு வரும் சிப்பாய், தான் பார்த்ததைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல முடியாமல் தவிப்பான்.

சிங்காரத்தின் இரண்டாவது நாவல் 'புயலிலே ஒரு தோணி', 1972இல் வெளிவந்தது. எழுதி முடித்துப் பத்தாண்டுகள் காத்திருந்த புத்தகம். இப்படியொரு படைப்பை அத்தனை காலம் அச்சேறாமல் வைத்திருந்தோமே என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். மெடானுக்குள் ஜப்பானியப் படை நுழைவதும், கடற்புயலில் தொங்கான் என்னும் மரக்கலம் சிக்கித் தவிப்பதும் படித்தவர் மனதைவிட்டுப் போகாது. நாயகன் பாண்டியன் குண்டுகளுக்கு நடுவில் இருக்கும்போதும் மதுரைத் தெருக்களை நினைத்துக்கொண்டிருப்பான். நடை கொஞ்சம் திணறடிக்கும். மலாய்ச் சொற்களும் செட்டிநாட்டுப் பேச்சும் சங்கப்பாட்டின் நினைவும் கலந்து வரும். முதல் ஐம்பது பக்கத்தைப் பொறுமையாகக் கடந்துவிட்டால், பிறகு அதுவே இழுத்துக்கொண்டு போகும்.

இனி ஈழப் போரின் நாவல்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா', பிரான்சில் அகதித் தஞ்சம் கேட்கும் ஒருவனின் விண்ணப்பமாகத் தொடங்குகிறது. ஈழத்துக்காக ஆயுதம் ஏந்திய இயக்கத்தில் சேர்ந்த தீவுப்பகுதிச் சிறுவனின் கதை. எழுதியவரும் சின்ன வயதில் இயக்கத்தில் இருந்தவர்தான். குணா கவியழகனின் 'நஞ்சுண்டகாடு', காட்டுக்குள் நடக்கும் பயிற்சி முகாமைக் காட்டுகிறது. அங்கே எதிரி கண்ணில் படுவதற்கு முன்பே பசியும், தூக்கமின்மையும், விட்டுவந்த வீட்டின் வறுமையும் போராளியைத் தாக்கத் தொடங்கிவிடுகின்றன. இரண்டையும் படிக்கும்போது யார் சரி, யார் தவறு என்ற வழக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அந்தப் பையன்களின் முகம் அப்போதுதான் தெரியும்.

உங்கள் பகுதி நூலகத்தில் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வீட்டில் பர்மா பார்த்த தாத்தாவோ ஆயாவோ இருந்தால், 'கடலுக்கு அப்பால்' நாவலைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நடுவில் நிறுத்தச் சொல்லி அவர்கள் பேச ஆரம்பித்தால், புத்தகத்தை மூடிவிட்டு அதைக் கேளுங்கள்.