திரை மறைத்த சோழர் கோலம்
(அமிர்தியில் ஆற்றிய உரை)

தஞ்சைப் பெரியகோயிற் கருவறையின் உட்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சின் அடியில் புதைந்து கிடந்த சோழர் ஓவியங்களை 1931-இல் கோவிந்தசாமி என்னும் அறிஞர் கண்டு வெளிப்படுத்தினார். காவியும் மஞ்சளும் பச்சையும் கருமையும் விரவிய அடங்கிய வண்ணங்கள் அவை. இராசராசன் எனக் கருதப்படும் உருவம் அங்கே தைத்த சட்டையின்றித் திறந்த மார்போடு, முடிந்த கொண்டையோடு நிற்கின்றது. ஆடல் மகளிர்க்கோ அணிகளே மிகுதி, ஆடை மெல்லிது.

1973-இல் தமிழின் முதல் அகலத்திரைப் படமாக வெளிவந்தது 'இராசராச சோழன்'. அவ்வகன்ற திரையில் அம்மன்னன் எப்படித் தோன்றினான்? தையலுடையும் மினுக்குச் சரிகையுமாக! நாடகமேடைக்குப் பிற்காலத்து அரண்மனைகள் ஈந்த கோலம் அது. 2022-இல் வந்த 'பொன்னியின் செல்வ'னில் மினுக்குக் குறைந்தது, உண்மையே. ஆனால் கவசம் பெருகிற்று. மகளிர் கச்சணிந்து வருவதை இக்கால அவை நாணங்கருதிப் பொறுக்கலாம். வீரனுக்கு அயலான் கவசம் பூட்டுவதை எவ்வாறு பொறுப்பது? வெள்ளி பூசிய அட்டையைத் தோற்கவசமென்று காட்டினால் ஆம்பூர்த் தோல்தொழிலாளி நகையாரோ?

நாயக்கர் பூச்சையேனும் சுவரினின்று பெயர்த்தெடுத்தனர். நம் பிள்ளைகளின் நெஞ்சிற் படிந்த திரைப்பூச்சை எவர் பெயர்ப்பார்? இச்சவ்வாது மலைப்புறத்தும் செங்கத்துப் புறத்தும் நடுகற்கள் நிற்கின்றன. இடைக்கச்சும் குறுவாளும் வில்லும் கொண்டையுமாய் நிற்பவன் நம் வீரன். உடை தைப்போர் ஒருநாள் இங்கு வந்து அவனை அளவெடுத்துச் செல்லட்டும்.