விருந்தும் மனுவும்



கடற்படைத் தளமுள்ள லுமுட்டானாலும், விமானப்படைத் தளமுள்ள நம் பட்டர்வொர்த்தானாலும் ரமலான் வந்தால் மக்கள் பிரதிநிதிகளுக்கு ஓய்வில்லை. நம் பாகான் நாடாளுமன்றத் தொகுதிக்குள் சுங்கை புயு, பாகான் ஜெர்மால், பாகான் டாலாம் என 3 சட்டமன்றத் தொகுதிகள். ஒரே மாதத்தில் எத்தனை வாசல்கள்! நோன்பில்லாதவரும் நம்மோடு பாங்குக்குக் காத்திருந்து கஞ்சி குடிப்பது நல்ல வழக்கமே.

50 ஆண்டுகளாக விருந்தோம்பலில் நாம் குறை வைத்ததில்லை. ஆனால் பொன்னாடை, படம் என்று அந்த மாலை முடிந்துவிடுகிறது. தண்ணீர் தேங்கும் வடிகாலையும் பிள்ளைகளின் உயர்கல்வி உதவியையும் பேச நேரமிருப்பதில்லை.

இனி பொன்னாடையோடு ஒரே ஒரு கோரிக்கை மனுவும் கொடுப்போம், நகலைப் பத்திரப்படுத்துவோம். அடுத்த ரமலானில் பாங்குக்கு முன்பே அதைப் பற்றி மரியாதையாகக் கேட்போம். வாக்குறுதி ஓர் அமானிதம். அதை நினைவூட்டுவது நம் கடமை.