கரும்பு யாருடையது, வெட்டியவர் யார்?

(தல்லாகுளத்தில் இளம் வாசகர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பொருளாதார நூலோடு உட்கார்ந்தால், பக்கத்து நாற்காலித் தம்பி "குரூப் டூவா அண்ணே?" என்று கேட்கிறார். தேர்வுக்கு இல்லாமல் இதையெல்லாம் ஏன் வாசிக்க வேண்டும்?

செந்தில் முல்லைநாதனும் எல்டர் ஷஃபிரும் எழுதிய 'ஸ்கேர்சிட்டி' 2013இல் வந்தது. அதில் நம் மாநிலத்து ஆய்வு ஒன்று இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 சிறு கரும்பு விவசாயிகள். கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். அறுவடைக்கு முன்பும் பின்பும் அதே ஆட்களுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். கையில் காசில்லாதபோது தடுமாறியவர்கள், பணம் வந்த பிறகு நன்றாகவே செய்தார்கள். ஆள் மாறவில்லை, அடகுக் கவலைதான் குறைந்திருந்தது. புத்தியில்லாததால்தான் ஏழை என்ற திண்ணைப் பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. அவர்களுக்கு விற்கக் கரும்பாவது இருந்தது. அதை வெட்டியவர்கள்? அறுவடை முடிந்தால் அவர்களுக்கு வேலையும் முடிந்துவிடும். நிலமில்லாமல் போனவர்கள் யாரென்று இந்த மேடையில் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வு அவர்களிடம் போகவில்லை.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் போனார்கள். உத்தரப்பிரதேசக் கிராமத்துப் பையன்களுக்கு, ஆறாம் ஏழாம் வகுப்பு, காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்கள் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமம். தகப்பன் பெயரையும் சாதியையும் எல்லார் முன்னும் அறிவித்ததும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் பின்தங்கினார்கள். 2006இல் இது வெளியானது. நான் படித்த பள்ளியில் "ஸ்காலர்ஷிப் பசங்க எந்திரிங்க" என்பார்கள். எழுந்து நின்றபின் அடுத்த பாடவேளைக் கணக்கு ஏன் மண்டையில் ஏறவில்லை என்பது இதை வாசித்தபோதுதான் புரிந்தது.

அதனால்தான் அம்பேத்கரை ஒரு வாசகராகவும் பார்க்கச் சொல்கிறேன். பொருளாதாரம் படிக்கப் போன 25 வயது மாணவர், 1916இல் கொலம்பியாவில் சாதிகளின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசிக்கிறார். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யும் மனப்போக்கைப் பற்றி பிரெஞ்சுக்காரர் காப்ரியேல் தார்த் எழுதியதை எடுத்து, அகமணம் மேலிருந்து கீழே பரவியதை விளக்குகிறார். அடுத்தவர் கருவி, நம் கேள்வி. ரூபாயின் சிக்கல் பற்றிய நூல் 1923இல்தான் வருகிறது.

அந்தக் கட்டுரை தமிழில் கிடைக்கிறது, அடுத்த மாதம் அதையே வாசிப்போம். கரும்பு வெட்டப் போனவர்கள் வீட்டில் இருந்தால், எந்த மாதம் தூக்கம் வராது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.