பிடி விடும் செல்களும் ஒரு பதிவேடும்

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட ஒருவர், அவர் செராங்கூன் சாலைக்காரராக இருந்தாலும் ஜூரோங்வாசியாக இருந்தாலும், சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறார். சோதனைத் தாளில் அவர் முதலில் தேடுவது சி.இ.ஏ. என்னும் புரதத்தின் அளவை. அது செல்களை ஒட்டவைக்கும் மூலக்கூறு என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மருத்துவ உலகமே அதை அறிய வெகுகாலமானது.

1965இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃபிரீட்மனும் பெருங்குடல் கட்டியிலும் கருவின் குடலிலும் சி.இ.ஏ.வைக் கண்டார்கள். 1969இல் ரத்தத்தில் அளக்க முடிந்ததும், புற்றை முளையிலேயே காட்டிக்கொடுக்கும் சோதனை வந்துவிட்டதாக நம்பினார்கள். நம்பிக்கை நிலைக்கவில்லை. புகைபிடிப்பவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் அளவு ஏறியது. சிறிய கட்டி உள்ளவருக்குப் பெரும்பாலும் ஏறவே இல்லை. அது செல்லோடு செல்லை ஒட்டவைப்பது 1989இல்தான் ஆய்வுக்கூடத்தில் தெளிவானது. நலமான குடலில் அது குடலின் உட்குழியை நோக்கிய செல் பக்கத்தில் மட்டுமே இருக்கும். கட்டியிலோ திசை கெட்டுச் சுற்றிலும் பரவி ரத்தத்தில் கசிகிறது.

நோயைத் தேடிப் பிடிக்க உதவாத அந்த எண், நோய் தெரிந்தபின் நல்ல காவல். அறுவைக்குப் பின் இறங்கிய அளவு மறுபடி ஏறினால் கல்லீரலையும் நுரையீரலையும் படமெடுத்துப் பார்க்கிறார்கள். ஆரம்பத் தேடலுக்கு, சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இலவசமாகத் தரும் மலச் சோதனைப் பெட்டியே மேல்.

ஈ-கேதரின் என்னும் இன்னொரு ஒட்டு மூலக்கூறின் கதை வேறு. ஜப்பானின் மசதோஷி தகேயிச்சி கண்டறிந்த கேதரின் குடும்பத்தைச் சேர்ந்த இது, தைப்பூச நெரிசலில் பிள்ளையின் கையை விடாத தாய்போலப் பக்கத்துச் செல்லைப் பற்றியிருக்கிறது. பிடி தளர்ந்தால் செல் உருமாறி அலையத் தொடங்கும். இந்த உருமாற்ற ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான ழான் போல் தியரி, சிங்கப்பூரின் பயோபொலிஸ் ஆய்வு வளாகத்திலும் பணியாற்றியவர்.

ரத்தத்தில் அலையும் புற்றுச் செல்களை, எப்கேம் என்னும் ஒட்டு மூலக்கூறை அடையாளமாக வைத்துக் காந்தத்தால் பிடிக்கும் கருவி உண்டு. பரவிய பெருங்குடல் புற்றில் 7.5 மில்லிலிட்டர் ரத்தத்தில் 3 செல்லோ அதற்கு மேலோ சிக்கினால் நோயின் போக்கு மோசம் என்று கணிக்கிறார்கள். ஆனால் உருமாறிய செல் எப்கேமைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே அஞ்ச வேண்டிய செல்லே வலைக்குத் தப்பிவிடலாம்.

எல்1கேம், சிடி44 என்று பிற ஒட்டு மூலக்கூறுகளைப் பற்றிக் கட்டுரைகள் குவிந்தும், பெருங்குடல் புற்றுக்கான அன்றாட மருத்துவத்தில் நிலைத்த ஒட்டு மூலக்கூறு இன்றும் சி.இ.ஏ.தான். பல ஆய்வுகளில் நோயாளிகள் கொஞ்சம். அளப்பதற்கு ஆய்வாளர் ஆளுக்கொரு எதிர்ப்பொருள், ஆளுக்கொரு எல்லைக்கோடு. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நோயாளிக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று போதிய காலம் பாராதது.

அந்தக் குறையைத் தீர்க்கும் வசதி சிங்கப்பூரில் இருக்கிறது. நோயியல் பேராசிரியர் க. சண்முகரத்தினம் தொடங்கிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவேடு 1968 முதல் நாடு முழுவதும் உள்ள புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்துவருகிறது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என அது பிரித்துக் காட்டியதால்தான் பெருங்குடல் புற்று சீனரிடையே மிகுதி என்பது தெரிந்தது. இந்திய நோயாளிகள் எண்ணிக்கையில் குறைவு. அவர்கள் ஆய்வு மாதிரிகளில் காணாமற்போவது எளிது.

இத்தகைய குறைகள் தொடராதிருக்க, இந்த அமர்வில் கட்டுரை படிப்போர், புற்றுக் குறிகாட்டி ஆய்வுகளுக்காக 2005இல் வெளிவந்த ரிமார்க் நெறிமுறை கேட்பதுபோல, எந்த எதிர்ப்பொருள், எந்த எல்லை அளவு, எத்தனை ஆண்டுப் பின்தொடர்தல் என்பவற்றை திரையில் காட்டும் முதற்படத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாதவரிடம் முதல் கேள்வி தலைமையிடமிருந்து வரும். அமர்வு தொடங்கலாம்.