போதைக் காளான்: சட்டம் எதை அனுமதித்தது?
(ஜுமுஆ உரை)

 

சென்ற மாதம் ஜுமுஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்துச் சென்றார். அவருடைய மகன் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மேற்படிப்புப் படிக்கிறார். உடன் தங்கியிருப்பவர்கள் வீட்டிலேயே போதைக் காளான் வளர்க்கிறார்களாம். "இங்கே சட்டமே அனுமதித்துவிட்டது அத்தா" என்று மகன் தொலைபேசியில் சொன்னாராம். "அது உண்மைதானா ஹஜ்ரத்?" என்று கேட்டார் அந்தத் தந்தை. அவர் கேட்டது மார்க்கத் தீர்ப்பை அன்று. அதை அவர் நன்கு அறிவார். சட்டத்தைத்தான் கேட்டார்.

முதலில் ஒன்று. காளான் அல்லாஹ்வின் அருட்கொடை. ஒரு வகைக் காளானின் சாறு கண்ணுக்கு மருந்தாகும் என்ற கருத்துடைய நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நாம் பேசுவது சைலோசைபின் என்னும் வேதிப்பொருள் கொண்ட சில வகைகளைப் பற்றி மட்டுமே. அவற்றை உண்டவருக்கு இல்லாதவை தோன்றும்; நேரமும் இடமும் குழம்பும்; சிலரைக் கடும் அச்சம் பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் மத்திய அரசின் சட்டம் வேறு, மாநிலங்களின் சட்டம் வேறு. மத்திய அரசு 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் சைலோசைபினை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. மாநிலச் சட்டங்கள் பலவும் வேதிப்பொருளின் பெயரைத்தான் எழுதின, காளானின் பெயரை எழுதவில்லை. குழப்பம் அங்கிருந்தே தொடங்கியது. காட்டுக் காளான் பறித்த ஒருவரின் வழக்கில், இந்தக் காளானுக்குள் அந்தப் பொருள் இருக்கிறது என்பதைச் சாதாரண மனிதர் அறியும்படி சட்டம் சொல்லவில்லை என்று புளோரிடா உச்ச நீதிமன்றம் 1978இல் கூறியது. காளான் வளர்ப்பது போதைப்பொருள் "தயாரிப்பு" ஆகாது என்று நியூ மெக்சிகோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. இத்தகைய தீர்ப்புகளைக் கேட்டவர்கள் "அனுமதி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்!

பிறகு வாக்கெடுப்புகள் வந்தன. 2020 நவம்பரில் ஒரிகன் மக்கள் வாக்களித்தபடி, 21 வயது நிரம்பியவர் உரிமம் பெற்ற நிலையத்தில், பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் அதை உட்கொள்ளலாம். வீட்டிற்கு எடுத்துச் செல்லக் கூடாது. கொலராடோவில் 2022 நவம்பர் வாக்கெடுப்பு இன்னும் தாராளமானது. 21 வயதானோர் தமக்காக வளர்க்கலாம், வைத்துக்கொள்ளலாம், இன்னொரு வயதுவந்தவருக்கு இலவசமாகக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. ஆக, அந்த மகன் சொன்னது மாநிலச் சட்டத்தின் அளவில் பொய்யன்று. இதை நாம் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். பிள்ளைகளிடம் தவறான செய்தியைச் சொல்லி நல்லதைப் போதிக்க முடியாது.

ஆனால் 1970ஆம் ஆண்டுச் சட்டம் கொலராடோவிலும் உயிரோடுதான் இருக்கிறது. விசாவும் குடியேற்றமும் மாநிலத்தின் கையில் இல்லை; மத்திய அரசின் கையில் உள்ளன. போதைப்பொருள் சட்டத்தை மீறியதாக ஒரு வெளிநாட்டவர் தாமே ஒப்புக்கொண்டால், எந்த நீதிமன்றமும் தண்டிக்காவிட்டாலும், நாட்டிற்குள் நுழையும் தகுதியை அவர் இழக்க நேரிடலாம். விசா விண்ணப்பத்திலேயே இதற்கென ஒரு கேள்வி இருக்கிறது. உடன் தங்கியிருக்கும் அமெரிக்க மாணவருக்கு அந்தக் கேள்வி இல்லை. ஒரே அறை, ஒரே தட்டு. இருவருக்கும் சட்டம் ஒன்றல்ல!

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மத்திய சட்டம். சைலோசைபின் அதன் பட்டியலில் உள்ளது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா செல்லும் இளைஞர்கள் இதை அறிவதில்லை. காளானின் முழு எடையைப் போதைப்பொருளின் எடையாகக் கொள்ள முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு பிணை வழக்கில் கூறியது உண்மை. அது எடையைப் பற்றிய பேச்சு. உண்ணலாம் என்ற பேச்சு அன்று.

அன்பர்களே! சட்டம் பொருளின் பெயரையும் எடையையும் வயதையும் பார்க்கிறது. உமர் (ரலி) அவர்களோ, அறிவை மறைப்பது எதுவோ அதுவே மது என்று விளக்கம் தந்தார்கள். அங்கே மாநில எல்லை இல்லை. மனச்சோர்வு நோய்க்கு இது பயன்படுமா என மருத்துவர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். நோயாளியின் நிர்ப்பந்தம் தனிச் சட்டம், அதை ஆலிம்களிடமும் மருத்துவரிடமும் கேட்டறிய வேண்டும். ஒரிகன் நிலையங்களுக்கோ மருத்துவர் சீட்டே தேவையில்லை. அறையில் நண்பர்கள் நீட்டும் தட்டு எந்த மருத்துவமும் அன்று.

இவற்றையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. விசா விண்ணப்பத்தில் உள்ள அந்தக் கேள்வியை ஒரு தாளில் தமிழில் எழுதித் தரச் சொன்னார். நாம் இஷா தொழுது முடிக்கும்போது அங்கே காலை. மகன் வகுப்பிற்குப் புறப்படுமுன் படித்துக் காட்ட வேண்டும் என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.